இரண்டாவதாக வந்த இருப்பிடம்

அக்கா,

முந்தாநாள் நம் ஆம்புலன்ஸில் புது ஜிபிஎஸ் பெட்டி மாட்டினார்கள். சாவியைத் திருப்பினேன். திரை எரிந்த கையோடு, கோவில்பட்டியில் நான் நிற்கும் ஷெட் வாசலிலேயே புள்ளி வந்து நின்றுவிட்டது. மூன்று எண்ணுவதற்குள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைத்தேன், மறுபடி போட்டேன். மறுபடியும் மூன்றுக்குள். ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன். பேட்டரியைக் கொன்னுராதீங்க அண்ணாச்சி என்று மாட்ட வந்தவர் சிரித்தார்.

நாம் ஒன்பது வருஷம் ஓட்டிய வண்டியில் இருந்த பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஸ்டியரிங்கில், நீங்கள் நர்ஸ் சீட்டில். நாம் புறப்பட்டுப் பாதி வழி போன பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். கோயில் கொடையில் சாமியாடிக்கு அருள் வர நேரமாகிற மாதிரி இதுக்கும் கொட்டு அடிக்கணும் போல என்று கேலி செய்வீர்கள்.

ஏன் அப்படி என்று முந்தாநாள்தான் விசாரித்தேன். மேலே சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போகுமாம். ஒரு முறை சொல்லி முடிக்க அரை நிமிஷம். நடுவில் ஒரு தகரக் கூரை மறைத்தாலும் முதலிலிருந்து கேட்க வேண்டும். எந்தக் கோள் தலைக்கு மேல் இருக்கிறது என்பதையும் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டும். புதுப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடுகிறது. அதோடு, கோள்கள் வரப்போகும் பாதையை நெட்டிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. பஸ் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போகிற மாதிரி. அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அரை நிமிஷம், அக்கா. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

கழுகுமலைப் பக்கம் பட்டாசு ஆலை விபத்துக்குப் போனோமே, முதல் புள்ளி ஏமாற்றும் என்பது அன்றைக்கே நமக்குப் புரிந்திருந்தது. ஆலைக்குள் போன் கூடாது. காலையில் கேட்டில் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வெடித்ததும் ஒரு தொழிலாளி ஓடிவந்து, போனை வாங்கிப் போட்டு, பதற்றத்தில் உடனே இருப்பிடத்தை அனுப்பிவிட்டார். போன் அப்போதுதான் கண் விழித்திருந்தது. காலையில் கடைசியாக அது பார்த்த இடத்தையே, அவர் வீட்டுத் தெருவையே, காட்டிவிட்டது. நாம் அந்தத் தெருவில் போய் நின்று முழித்தோம். அன்றிலிருந்து நீங்கள் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“மொத வார புள்ளிய நம்பாதலே. எதுத்தாப்புல என்ன தெரியுதுன்னு கேளு.”

காற்றாலைக் காத்தாடி தெரியுதா, தண்ணி டேங்க் தெரியுதா என்று நீங்கள் போனில் கேட்டுக் கேட்டு எத்தனை பேரைக் கொண்டு சேர்த்தோம்.

வேலையை விட்டுவிட்டு, விளாத்திகுளம் பக்கம் உங்கள் ஊருக்குப் போய் மிளகாய் போட்டீர்கள். அங்கேயும் மிளகாய்க் காட்டில் இறங்கும் முன் போனை அணைத்துவிடுவீர்கள். காட்டுக்குமா என்று கேட்டால், பழகிப் போச்சு, போன் இருந்தா எவனாவது கூப்பிடுதான் என்பீர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது.

மூன்று வருஷம் முந்தி அந்தக் காலையில் உங்கள் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நல்ல பாம்பு கடித்துவிட்டது, வா என்று ஒரு வரி. கூடவே இருப்பிடம். எதிரே என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கச் சொன்னவர் அனுப்பிய இருப்பிடம், அதை எப்படிச் சந்தேகப்படுவேன்? புது நர்ஸை ஏற்றிக்கொண்டு பறந்தேன். வண்டி நகர்ந்த கையோடு போன் இன்னொரு தரம் மணியடித்தது. சீக்கிரம் வா என்றுதான் இருக்கும், அதான் வந்துகொண்டிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கவில்லை.

புள்ளி கொண்டுபோய் விட்ட இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய மிளகாய் வத்தல் குவியல்தான் இருந்தது. முந்தின நாள் மழைக்குப் பயந்து நீங்கள் வத்தலை மூட வந்த களம்; அணைக்கும் முன் உங்கள் போன் கடைசியாகப் பார்த்த இடம். ஆள் இல்லை. அப்போதுதான் போனை எடுத்தேன். முதல் இருப்பிடத்துக்குக் கீழே இரண்டாவது இருப்பிடம். அரை நிமிஷ இடைவெளி. நீங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். நேரே போனால் கூப்பிடு தூரம். ஆனால் நனைந்த கரிசல், வண்டி இறங்கினால் புதைந்துவிடும். சுற்றித்தான் வந்தேன். வந்து சேர்ந்தபோது உங்கள் கண்ணிமை சரிந்திருந்தது. உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சியும் நானும் தூக்கி ஏற்றும்போது என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. பேச முடியவில்லை என்று நினைத்தேன். எட்டயபுரம் தாண்டியதும் போய்விட்டீர்கள்.

மணியடித்தும் நான் பார்க்காமல் ஓட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு அண்ணாச்சியிடம்கூட. வருஷா வருஷம் உங்கள் திதிக்குப் போவேன். எனக்கென்று எடுத்து வைத்த வத்தலைத் தருவார். குற்றவாளி மாதிரி வாங்கிக்கொண்டு வருவேன்.

முந்தாநாள் பெட்டி மாட்டி முடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டாவது செய்தி வந்தது, மணி கேட்டது, பார்க்கவில்லை, நான் பார்த்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார்கள் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவர் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் தம்பி. ரெண்டாவது அனுப்பச் சொன்னதே அவதான். மொதது நேத்தைக்கு நின்ன களத்தக் காட்டுதுன்னு பாத்துட்டா. கூப்பிட்டுப் பாத்தேன், அங்கன டவர் சரியில்ல, பேச்சு எடுபடல. அனுப்பிட்டு ரெண்டு பேரும் டிக்கப் பாத்துக்கிட்டே கெடந்தோம், எப்ப நீலமாகும்னு. இருவது நிமிசம் ஆச்சு.”

நீலமானதும் ‘இப்பப் பாத்துட்டான்’ என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார். அப்போதே நாக்கு லேசாகக் குழறத் தொடங்கிவிட்டதாம். கடித்தால் எந்த நேரத்துக்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா, அக்கா? நான் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்களே.

பிறகு ஏன் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ‘அவன் வந்ததும் ஏன் லேட்டுன்னு கேட்டுறாதீய. நாளைக்கும் அவந்தான் வண்டி ஓட்டணும்’னா.”

அப்படியானால் தூக்கும்போது நீங்கள் பேச முடியாமல் இருக்கவில்லை. பேசாமல் இருந்தீர்கள்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. இந்த மூன்று வருஷமும் என் ரகசியத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, நீங்கள் இருவரும்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நேற்றுக் காலை பசுவந்தனை ரோட்டிலிருந்து ஓர் அழைப்பு, பிரசவ வலி. சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், உள்ளே ஏற முடியவில்லை. அப்புறம் ஏறினேன். ஓட்டினேன், அக்கா.