இரண்டடி மூன்று அங்குலம்

வீடு,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஞாயிறு.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ மட்டும். மழை விட்டால் அதுவும் போய்விடும் என்று அவரே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொள்கிறார். நாயும் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லாவிட்டால் இதை வாசித்து முடிப்பதற்குள் அப்படி ஆகிவிடு. வியாழனும் போனில் கதைத்தோம், பிறகு என்ன கடிதம் என்று கேட்பாய். ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நீ கத்துவாய், நான் மிச்சத்தை விழுங்கிவிடுவேன். கடிதம் என்றால் கடைசிவரை நான்தான் கதைக்கலாம். தயாளினி லீவு முடிந்து சனிக்கிழமை கார்டிஃபுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடும் பார்சலில் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் இது இருக்கும். விஷயம் உன் மதிலைப் பற்றியது. கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. வரிசையாக வாசி.

முதலில் உன் ஊர்ப் பாடு. வேல்சில் நீ இருக்கும் ஊரின் கவுன்சில் காலை முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நீ முதியோர் இல்லத்து ஏழு மணி வேலைக்கு அந்த மலையேற்றத்தில் ஐம்பது நிமிடம் நனைந்துகொண்டு நடப்பதில் இல்லை, அதற்கு அவர் இரண்டு நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தார். சந்தோஷம் என்னவென்றால், சபை என்பது எல்லா இடத்திலும் சபைதான் என்பது. சங்கக்கடையில் நின்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். அங்கே குப்பை எடுக்க மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் வருவார்களாம், வாசிகசாலை கிழமையில் இரண்டே நாள்தானாம் என்றெல்லாம். "மூண்டு கிழமைக்கு மீன் தலையை எங்கை வைக்கிறது, அதைக் கேட்டுச் சொல்லு" என்று என்னிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. பக்கத்து வீட்டு மேகன், முன்பு அதே பஸ்ஸை ஓட்டிய மனுசி, வருகிற மாதம் முதல் வியாழன் நடக்கும் கூட்டத்தில் உன்னை எழும்பிக் கதைக்கச் சொன்னாள் என்றாய். அதற்கு நீ, "அம்மா, அது அவையின்ரை ஊர். நான் இடையிலை வந்தனான். நான் எழும்பினால் எங்கையிருந்து வந்தவள் எண்டுதான் பாப்பினம்" என்றாய். அது செவ்வாய்க்கிழமை.

இனி எங்கள் பிரதேச சபை. போன வருடம் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள், நீ வீடியோவில் பார்த்தாய். வாழை கட்டி, அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம் கூப்பிட்டு, கல்லில் பெயர்கள் வெட்டித் திறந்தார்கள். அழகான வீதிதான். ஆனால் முன்பு அந்த மண் ஒழுங்கையேதான் வெள்ளம் ஓடும் வழி. மழை வந்தால் தண்ணீர் அதன் வழியே குளத்துக்குப் போகும், நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். இப்போது வீதி அரையடி உயரம், வளவுகள் பள்ளம். தண்ணீர் வடியக் கான் வெட்டவில்லை. முதல் பெருமழைக்கு எல்லா வளவுத் தண்ணீரும் சேர்ந்து, பள்ளத்தில் இருக்கும் ஞானாம்பிகை அக்கா வீட்டுக்கு விருந்து போனது. அவவின் குசினி உனக்குத் தெரியும், விடியப்புறம் அவிக்கும் இடியப்பத்தில்தான் இந்த ஒழுங்கையே பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிறது. அடுப்புக்குள் தவளை. ஐந்து நாள் ஒழுங்கை முழுவதும் பாணும் சம்பலும்.

எல்லோருக்கும் கோபம் வந்தது. கோபத்தை எழுத ஆள் தேவைப்பட்டது. கணக்குப் படிப்பிக்கிறவள்தானே, ஒழுங்காக எழுதுவாள் என்று என்னிடம் தந்தார்கள். நான்கு பக்கத்தில் மனு எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. நான்காம் பக்கத்தில், இந்த அவலத்துக்குக் காரணமானவர்கள் யாரென உடனடியாகக் கண்டறியப்பட்டுப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்று முடித்திருந்தேன். பதினான்கு வீடும் கையெழுத்து. முதல் கையெழுத்து உன் அப்பா, பேனை அழுத்திய அழுத்தில் பின்பக்கமும் தெரிந்தது.

புதன்கிழமை வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். சபையிலிருந்து இரண்டு உறுப்பினர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்தார்கள். உத்தியோகத்தர் யார் தெரியுமா, உன்னோடு ரியூசனில் கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொண்ட கிருஷாந். இப்போது கண்ணாடி போட்டு, கையில் நில அளவைப் படத்தோடு. கான் வெட்ட ஒழுங்கையில் இடமில்லை என்றான். எதிர் வீட்டு வாத்தியாரின் தம்பி நடராசா அண்ணை துள்ளி எழும்பி, "இடமில்லையெண்டால் உன்ரை கொப்பரின்ரை வளவுக்குள்ளாலை வெட்டடா தம்பி" என்றார். கிருஷாந் கோபிக்கவில்லை. "இடம் இருக்குது அண்ணை. உங்கடை மதிலுகளுக்கு உள்ளை நிக்குது" என்றான். படத்தின்படி ஒழுங்கை பன்னிரண்டடி. நிலத்தில் சில இடத்தில் பத்தடிகூட இல்லை. எல்லோரும் படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

எப்படி என்று உனக்கு விளங்கும். நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது இங்கே எல்லாம் வேலிதானே. வருடாவருடம் வேலி அடைக்கும்போது பட்டுப்போன கதியால் தடிக்குப் பதில் புதுக் கதியால் நடுவோம். பழையது நின்ற குழியில் அல்ல, அதற்கு ஒழுங்கைப் பக்கமாக. ஒரு விரல் அகலம். அது களவு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, பழைய குழியில் நட்டால் வேர் பிடிக்காது என்று ஒரு நியாயமும் இருந்தது. முப்பது வருடம் விரல் விரலாக நடந்து, பிறகு காசு வந்ததும் எல்லோரும் கடைசிக் கதியால் நின்ற வரிசையிலேயே மதில் கட்டினோம். உன் மதில் கட்டிய அன்று மேசன் கயிறு பிடித்துக்கொண்டு எங்கே என்று கேட்டார். "கதியாலுக்கு வெளியாலை பிடியும்" என்று அப்பா சொன்னார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். படிப்பிப்பது கணக்கு. அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

கூட்டத்தை விட்டு எல்லோரும் ஒழுங்கைக்கு இறங்கினோம். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான் கிருஷாந். மனு எழுதிய ரீச்சரே பிடிக்கட்டும் என்றார்கள். பிடித்தேன். கான் ஓட வேண்டிய எங்கள் பக்கத்து ஏழு மதில்களையும் அளந்தோம். ஒரு வீடு ஒன்றடி, இன்னொரு வீடு ஒன்றரையடி. எங்கள் வீடு இரண்டடி மூன்று அங்குலம். ஒழுங்கையிலேயே முதலிடம். நடராசா அண்ணை, "ரீச்சர், அந்த நாலாம் பக்கத்தை இன்னொருக்கா வாசியுங்கோவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அப்பா மட்டும் நாடா இழுபட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒருவரும் அசையவில்லை. முதலில் நீங்கள் கழற்றுங்கள், பிறகு நாங்கள் என்று ஏழு வீட்டிலும் ஒரே பேச்சு. அப்பா, "அது பிள்ளையின்ரை மதில். அவளைக் கேக்காமல் ஒரு கல்லும் அசையாது" என்று முடித்துவிட்டார். அது உண்மைதான். முதல் வருடச் சம்பளத்தில் நீ கட்டுவித்தது, நீலம் வேண்டுமென்று போனில் நிறம் பார்த்து நீயே தெரிவுசெய்தது, வேலை இடத்தில் எல்லோருக்கும் படம் காட்டி என்ரை மதில் என்று சொன்னது. வியாழக்கிழமை உன்னிடம் கேட்கத்தான் போன் எடுத்தேன். நீ அப்போதுதான் நடந்து வந்து ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உன் குரலைக் கேட்டுவிட்டு, பலாக்காய்க் கறி எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அன்றிரவே மழை. வெள்ளி காலை ஞானாம்பிகை அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பு மேசைக்கு மேல், அவ கதிரைக்கு மேல், கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு இடியப்பம் பிழிகிறா. என்னைக் கண்டதும், "வாடி பிள்ளை, கப்பலிலை ஏறு" என்று சிரிக்கிறா. வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்தது உங்களுக்கு மட்டும்தானே அக்கா, கூட்டத்தில் கடைசி வாங்கில் இருந்தீர்கள், ஒரு வார்த்தை கதைக்கவில்லையே என்று கேட்டேன். இடியப்ப உரலை நிறுத்தாமல் சொன்னா: "உது உங்கடை ஒழுங்கை பிள்ளை. நான் இடையிலை வந்தனான்." தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்து இங்கே குடியேறியவ. முப்பத்தைந்து வருடம். நீ பிறந்ததிலிருந்து அவவின் இடியப்பம்தான் தின்றாய்.

செவ்வாய்க்கிழமை உன் வாயால் கேட்ட அதே வசனம். தண்ணீருக்குள் நின்றுகொண்டு கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், மதிலைக் கழற்றுவோம், பிள்ளை கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும் என்று. அவர் எழும்பிப் போய்க் கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்தார். மேசனைக் கூப்பிடவா என்றதற்கு, "வெளியாலை பிடிக்கச் சொன்னவன் நான். கழட்டுறதும் நான்" என்றார். ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். முழங்கால் நோ அதனால்தான் கூடியது, மழையால் அல்ல. மூன்றாவது வரிசை இறங்கும்போது நடராசா அண்ணை தன் அலவாங்கோடு வந்து நின்று பார்த்தார். எதிர்ப்பக்கத்துக்காரர், அவர் மதிலை ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை. சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் மதிலின் மற்றத் தொங்கலில் தொடங்கினார். பின்னேரம் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது, பிறகு அதற்கடுத்த வீட்டில். நேற்று மத்தியானம் ஏழு மதிலும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து மண் கான் வெட்டினோம். கிருஷாந் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மட்டம் பார்த்தான். நித்திரை கொண்டாலும் பிள்ளை ஏதோ படித்திருக்கிறான். சபை தை மாதம் சீமெந்து பூசித் தருமாம். எந்தத் தை என்று கேட்க மறந்துவிட்டோம். நேற்றிரவு பெருமழை. காலையில் போய்ப் பார்த்தோம், தண்ணீர் எங்களைத் திரும்பியும் பாராமல் கான் வழியே குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஞானாம்பிகை அக்காவின் அடுப்பு நிலத்துக்கு இறங்கிவிட்டது. இன்று ஏழு வீட்டுக்கும் இடியப்பம், சொதியோடு, வாசலில்.

ஆகவே பிள்ளை, உன் மதில் இப்போது இல்லை. உன்னைக் கேட்காமல் கழற்றினோம். அது பிழை, என் பிழை. நீலக் கற்கள் உடையாமல் தேறியவை மாமரத்தடியில் அடுக்கியிருக்கின்றன. இப்போதைக்குத் தகரத்தால் மறைத்திருக்கிறோம், அதற்குள்ளாகவே யாருடைய மாடோ நுழைந்து உன் செவ்வரத்தைச் செடியைத் தின்றுவிட்டது. அதற்கும் என்னோடுதான் கோபிக்க வேண்டும்.

கோபித்து முடித்த பிறகு ஒரு சொல் கேள். வருகிற மாதத்து வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போ. முதல் வாங்கில் இரு. காலை ஆறு மணிக்கு நீ நனைந்துகொண்டு நடக்கும் இடம் உன் ஊரும்தான். எங்கிருந்து வந்தவள் என்று பார்த்தால் பார்க்கட்டும், எங்கே போக வேண்டியவள் என்பதை நீ சொல்லு. ஆனால் என்னைப்போல் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போகாதே. அந்தப் பஸ் தரிப்பைக் கடந்து யார் யார் நடக்கிறார்கள், எத்தனை மணிக்கு, எங்கே போக என்று ஒரு கிழமை பார்த்து ஒரு தாளில் குறி. இன்னொன்று. பஸ் ஓடின நாட்களிலும் மழை என்றால் மேகன் காரில் கொண்டுபோய் விடுவாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆட்கள் ஏறவில்லை என்பதுதானே பஸ்ஸை நிறுத்தக் கவுன்சில் சொன்ன காரணம். மழை நாளில் நீயும் ஏறவில்லை என்பதை அவர்கள் கேட்கும் முன் நீயே எழும்பிச் சொல்லிவிடு. நாடாவின் மற்ற நுனி உன் கையில் வரும்போது முகம் சிவக்காது. எனக்குச் சிவந்தது.

ஒடியல் மாவை வெயில் கண்டால் ஒருமுறை காயவை, வெயில் என்று ஒன்று அங்கே வந்தால். பனங்கட்டியில் பாதி மேகனுக்கு, தேத்தண்ணியோடு கடிப்பது என்று காட்டிக்கொடு. காலுறை இரண்டு சோடி கைப்பையில் வைத்திரு. அளவெட்டிப் பெரியம்மா உன்னைக் கேட்டவ. பிள்ளையார் உன் கூடவே வருவார், வியாழக்கிழமை கட்டாயம் வருவார், அவருக்கும் அந்த ஏற்றம் கஷ்டம்தான். நல்லாய் இரு, என் குஞ்சு. புது மதிலுக்குக் கயிறு பிடித்தாகிவிட்டது. நீ ஓம் என்று சொன்ன பிறகுதான் முதல் கல் வைப்போம். மறக்காமல் சொல்லு.

இப்படிக்கு,
மதில் இல்லாத வீட்டிலிருந்து,
அம்மா அருந்ததி.

பிள்ளை, அப்பா எழுதுறன். நாடா உண்மையிலை இழுபட்டதுதான். கயிறு நான் பிடிச்சன். இந்தமுறை உள்ளாலை.