ஆன் செய்தால் நிற்கும் வண்டி

03-09-2025, புதன்கிழமை, முற்பகல் 10.20 மணி. மீஞ்சூர்.
பதிவு எண் 246: இக்னிஷன் சுவிட்ச் பழுது

இன்று காலை 9.05 மணிக்கு ஜெனிபரின் வண்டிச் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. பாதி என் கையில், பாதி உள்ளே.

இது கடையில் கிடைக்கும் வண்டி அன்று. 18-07-2023 விபத்தில் என் மகளின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவளுக்காகக் கும்மிடிப்பூண்டி மெக்கானிக் சசிகுமார் ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிளை எடுத்து, பின்னால் இரு பக்கமும் சக்கரம் சேர்த்து, கால் பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கட்டித் தந்தார். ஸ்கூட்டர் போதாதா என்று கேட்டேன். "கன்டெய்னர் லாரி ஓடுற ரோடுப்பா, சின்ன சக்கரம் பள்ளத்துல உக்காந்துக்கும்" என்றாள். சரிதான்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அவள் பார்த்த லாரி எடைமேடை வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறது. 22-ஆம் தேதி திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஷிஃப்டுக்குத் தானாகவே வந்து சேர முடிந்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்நேரத்தில் பேருந்து இல்லை. போக்குவரத்து ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பது 17-ஆம் தேதி.

பதினான்கு நாட்கள் உள்ளன. சுவிட்சை நானே மாற்றுவேன் என்று சசிகுமாரிடம் தொலைபேசியில் தெரிவித்தேன்.

04-09-2025, வியாழக்கிழமை, பிற்பகல் 3.45 மணி
பதிவு எண் 247: புதிய சுவிட்ச்

பொன்னேரியில் வாங்கினேன். நான்கு ஒயர், சாவி இரண்டு. மல்டிமீட்டரில் சோதித்தேன்: ஆன் நிலையில் சிவப்பும் கருப்பும் சேர்கின்றன. அதுவே போதும். மற்ற இரண்டு ஒயர் தேவையற்றவை. டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை. ரோலிங் மில்லில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்பராமரிப்பு ஃபோர்மனாக இருந்தவனுக்கு இரண்டு ஒயரில் என்ன சந்தேகம்?

06-09-2025, சனிக்கிழமை, நண்பகல் 12.30 மணி
பதிவு எண் 249

இணைப்பு முடிந்தது. எஞ்சினிலிருந்து வரும் கருப்பு-வெள்ளை ஒயரையும் ஆனில் சேருமாறு கருப்போடு கொடுத்தேன். சாவி ஆன். விளக்கு எரிகிறது. ஹாரன் ஒலிக்கிறது. செல்ஃப் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பிளக்கை மாற்றினேன். பிடிக்கவில்லை.

அப்போது பழவேற்காட்டு ராஜவேலு வந்திருந்தார். தம் படகில் பிடித்த மீனைப் புதனும் சனியும் மொபெட்டில் கொண்டுவருபவர், ஏழாண்டுப் பழக்கம். தராசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், அந்தக் கருப்பு-வெள்ள ஒயர கயட்டி வுட்டுட்டு ஒருவாட்டி அடிச்சிப் பாரு."

"ராஜவேலு, நீங்க மீன் எடையைப் பாருங்க. ஒயரை நான் பாத்துக்கறேன்."

அவர் மடவை முக்கால் கிலோ நிறுத்துத் தந்தார். வழக்கமாக "வரேன் சார்" என்பார். இன்று சொல்லவில்லை.

ஜெனிபர் உள்ளேயிருந்து கேட்டாள்: "இன்னாப்பா, அவரைப் போய் அப்படிப் பேசிட்ட?"

07-09-2025, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.50 மணி
பதிவு எண் 250

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பிளக் புதிது, காயில் நல்லது, பெட்ரோல் வருகிறது. பிழை என்னுடையதாக இருக்குமோ? இருக்காது.

10-09-2025, புதன்கிழமை, பிற்பகல் 2.15 மணி
பதிவு எண் 253: நடந்தது நடந்தபடியே

காலை 11.40 மணிக்குச் சசிகுமார் வந்தார். ஜெனிபர் இருக்கையில் அமர்ந்திருந்தாள். "ஃபோர்மன் சார், சாவி உங்க பாக்கெட்லயே இருக்கட்டும். கம்ப்ரஷன் எப்டிக்கீதுன்னு சும்மா ஒதச்சிப் பாக்கறேன்" என்று கிக்கரை ஒரு மிதி மிதித்தார்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

சாவி என் சட்டைப் பையில். வண்டி ஓடுகிறது! நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. வண்டியோ டபடபவென்று—

"யப்பா, சாவி எங்க?"

"எங்கிட்டதாம்மா இருக்கு!"

"அப்ப எப்டிப்பா ஓடுது?"

எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டனர். யாரோ "வண்டியில மோகினி கீது" என்றனர். சசிகுமார் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, "கார்ப்பரேட்டர்ல இருக்கறது தீர்ற வரைக்கும் ஓடும் சார், ரெண்டு நிமிஷம்" என்றார். என் வாழ்வில் அவ்வளவு நீண்ட இரண்டு நிமிடத்தைக் கண்டதில்லை. அவை முடிவதற்குள், தெருவைக் கடந்துபோன ஒரு மொபெட் நின்றது. ராஜவேலு. இன்று எங்கள் வாசலில் குரல் கொடுக்காமலே போனவர், சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார்.

"சார், சாவியப் போட்டு ஆன் பண்ணு."

"ஓடுற வண்டியை எதுக்குய்யா ஆன் பண்றது?"

"பண்ணு சார். நின்னுடும்."

சாவியை நுழைத்து ஆன் பக்கம் திருப்பினேன்.

நின்றது.

தெரு சிரித்தது. ராஜவேலு சிரிக்கவில்லை. "எங்க போட்டு எஞ்சின்ல நிறுத்தற பட்டன் இதே கதைதான் சார். அமுக்குனா ஒயரு ரெண்டும் ஒட்டிக்கும், கரண்டு எர்த்துக்குப் பூடும், எஞ்சினு செத்துடும். நீ ஆன்ல ஒட்ற மாதிரி குடுத்துக்கினு கீற."

மில்லில் நிறுத்தும் பொத்தான் என்றால் சுற்றை அறுப்பது. முப்பத்து நான்கு ஆண்டுகளும் அப்படித்தான். இவ்வகை வண்டியில் நிறுத்துவது என்றால் அந்த ஒயரை எர்த்துடன் சேர்ப்பது. நான் அறியாததன்று, ஒருமுறைகூட எண்ணிப் பாராதது. 'சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை' என்று 247-ஆம் பதிவில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடித்துத் திருத்தமாட்டேன். இருக்கட்டும்.

ஜெனிபரும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பின் கேட்டாள்: "இது தெரியாமலே எப்படியாவது ஓடியிருந்தா, லாரிக்கு நடுவுல நான் ஆஃப் பண்றேன், நிக்கலன்னா?"

ஐயோ, இன்னா பண்ணியிருப்பேன் நான்.

11-09-2025, வியாழக்கிழமை, மாலை 5.00 மணி
பதிவு எண் 254

டேப் சுற்றி ஒதுக்கிய அவ்விரு ஒயர்களைப் பிரித்துச் சோதித்தேன். ஆஃப் நிலையில் சேர்கின்றன. தேவையற்றவை என்று நான் எழுதியவை! கருப்பு-வெள்ளையை அவற்றில் ஒன்றுக்கு மாற்றினேன். மற்றொன்றை எர்த்துக்குக் கொடுத்தேன். ஆன்: பிடித்தது. ஆஃப்: நின்றது. நாற்பது முறை செய்து பார்த்தேன். நாற்பதும் சரி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

13-09-2025, சனிக்கிழமை, முற்பகல் 11.10 மணி
பதிவு எண் 256

ராஜவேலு வந்தார். வாசலில் குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டு இவ்வளவு நிம்மதி அடைவேன் என்று நினைத்ததில்லை.

மீன் கூடைக்கு அடியிலிருந்து நீர் சொட்டும் ஒரு பையை எடுத்தார். உள்ளே சுருள் சுருளான சிவப்புக் கயிறும் ஒரு சிறிய சுவிட்சும். ஒரு முனையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்; ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். படகு எஞ்சினோடு வந்தது.

"பொண்ணு வண்டிக்குப் போடு சார். அந்தக் கருப்பு-வெள்ளைலேயே சேத்துக்கோ."

"உங்களுக்கு வேண்டாமா?"

"எவன் சார் மாட்டிக்கினு வலை இழுப்பான்? கைல சிக்கிக்கும். பேஜாரு. வாங்குன நாள்லேர்ந்து சும்மா தொங்கினு கீது."

"விழுந்தா?"

"நீந்துவோம்."

"நீங்க நீந்துவீங்கண்ணா. போட்டு உங்களுக்காக நிக்குமா?" என்றாள் ஜெனிபர்.

அவர் நண்டை எண்ணத் தொடங்கிவிட்டார்.

17-09-2025, புதன்கிழமை, பிற்பகல் 1.30 மணி
பதிவு எண் 260: ஆய்வு

ஆய்வாளர் ஆஃப் செய்யச் சொன்னார். நின்றது. "இது இன்னாம்மா கயிறு?" என்றார். அவள் கயிற்றை இழுத்துக் காட்டினாள். நின்றது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். தேவைக்காக இல்லை, பார்க்கும் ஆசையில் என்று எனக்குப் பட்டது. கையெழுத்திட்டார், 12.05 மணி.

20-09-2025, சனிக்கிழமை, முற்பகல் 11.30 மணி
பதிவு எண் 263

ராஜவேலுவிடம் மன்னிப்பும் நன்றியும் சொல்வதென்று வாக்கியங்களை முன்னதாகவே தயாரித்து வைத்திருந்தேன். அவர் வந்தார். "போன வாரம் நண்டு நல்லா இருந்தது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

22-09-2025, திங்கட்கிழமை, பிற்பகல் 3.05 மணி
பதிவு எண் 265

காலை 5.12-க்குப் புறப்பட்டாள். 5.49-க்கு அழைத்தாள்: "சேர்ந்துட்டேன்ப்பா. வை, லாரி நிக்குது." பிற்பகல் 2.58-க்கு வாசலில் சாவியைத் திருப்பினாள். நின்றது.

23-09-2025, செவ்வாய்க்கிழமை, மாலை 4.40 மணி
பதிவு எண் 266: அனுப்பும் கடிதத்தின் நகல்

காலை மின்சார ரயிலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகக் கடைக்குச் சென்று ஒரு மணிக்குத் திரும்பினேன். நாளை புதன், கையிலேயே கொடுக்கலாம். ஆனால் மறுபடியும் நண்டைப் பற்றியே பேசுவேன். தபாலே நன்று.

அன்புள்ள ராஜவேலு அவர்களுக்கு,

06-09-2025 அன்று தாங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. சொன்ன விதம் அதைவிடத் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன். அப்படியும் நான்கு நாட்கள் கழித்துத் தங்கள் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்தீர்கள். என் மகள் நேற்று வேலைக்குப் போய், திரும்பியும் வந்தாள். இதற்கு மேல் எழுத எனக்கு வாக்கியம் அமையவில்லை.

தங்கள்,
அ. மோசஸ்

இத்துடன் இணைத்திருப்பவை:

1. திருத்திய ஒயரிங் வரைபடம், ஒன்று. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் தங்கள் பெயர் உள்ளது.

2. வண்டியில் ஜெனிபர், நேற்றுக் காலை 5.10 மணிக்கு எடுத்த புகைப்படம், ஒன்று. மணிக்கட்டில் தெரிவது தங்கள் கயிறு.

3. சிவப்புக் கயிறு, சுவிட்சுடன், புதியது, ஒன்று. தங்கள் படகுக்கு. நீளமானதாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன், வலை இழுக்கும்போது கையைத் தடுக்காது. தொங்கவிட வேண்டாம் என்று ஜெனிபர் சொல்லச் சொன்னாள்.