ஏழாவது விதியிலிருந்து உன் பெயரை நீக்கியது பற்றி

பாளையங்கோட்டை
11-8-1996

சௌபாக்கியவதி பிருந்தாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் லீட்ஸில் சுகமாக இருக்க நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கும் யாவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவது நம் வழக்கம். இம்முறை அதை எழுத இயலவில்லை. உன் தாயார் புதன்கிழமை மாலை முதல் நேற்று மாலை வரை மூன்று நாள் வலி மாத்திரை இல்லாமல் கிடந்தாள். அதற்குக் காரணம் நீயும் நானும். யார் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றினால் அது சரியே. ஆனால் நடக்காத ஒன்றையும் இதில் சேர்க்கவில்லை.

முதலில் உனக்குரியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நீ விடுப்பில் வந்தபோது உன் தாயார், முதுகெலும்பில் புற்று பரவிய வலியோடு, எலும்புக்கு ஒருவர் நரம்புக்கு ஒருவர் என்று அறை அறையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. நீதான் இங்குள்ள தரும ஆஸ்பத்திரியில் பேசி, மயக்க மருந்து டாக்டர் கிருபைராஜ், உடற்பயிற்சி சிகிச்சை பார்க்கும் முகம்மது இப்ராஹிம், நர்ஸ் சாலோமி மூவரையும் புதன்கிழமை மதியம் ஒரே மேசையில் உட்கார வைத்தாய். நோயாளி அறை அறையாக நடக்க வேண்டாம், மூவரும் அவளிடம் வருவார்கள், ஒரே நோட்டில் எழுதுவார்கள், அந்த நோட்டு நோயாளியிடமே இருக்கும் என்று ஏற்பாடு செய்தாய். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தை வைத்திருக்க வேண்டிய அரசு உரிமத்துக்கான மனுக்களை நான் எழுதினேன். ஓராண்டில் அறுபத்திரண்டு பேர் அந்த மேசையால் பயன் பெற்றார்கள். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் விமானம் ஏறும் முன் நீ ஒரு நிபந்தனை விதித்தாய்: உன்னைக் கேட்காமல் அம்மாவின் மருந்தளவை யாரும் உயர்த்தக் கூடாது என்று. அந்த மேசைக் குழுவின் விதிகளை எழுதியவன் நான். சொந்த மனைவிக்கு ஒரு விதி, ஊராருக்கு ஒரு விதி என்று இருப்பது பாரபட்சம் என்று கருதி, எந்த நோயாளிக்கும் மார்ஃபின் அளவை உயர்த்துமுன் டாக்டர் பிருந்தாவின் சம்மதம் ஃபேக்ஸ் மூலம் பெறப்பட வேண்டும் என்று அதைப் பொதுவாக்கி, ஏழாவது விதியாக எழுதினேன். நேர்மை என்று நினைத்து எழுதியது. முப்பத்தொரு ஆண்டு வக்கீல் தொழிலில் இதைவிடக் கெட்ட வாக்கியத்தை நான் எழுதியதில்லை. ஓராண்டு முழுவதும் உன் பதில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துகொண்டிருந்ததால் அதன் கேடு தெரியவில்லை. இது என் பங்கு.

ஜூலை 31 புதன்கிழமை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அன்னத்தாய் வந்திருந்தாள். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள், தாடையில் புற்று. வாரம்தோறும் உன் தாயாரின் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். அன்று அவளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கிருபைராஜ் அளவை உயர்த்தப் பேனாவைத் திறந்தார். நான் ஏழாவது விதியை நினைவூட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வலிக்கு வாய்தா வாங்குத ஆளு நீரு ஒருத்தர்தான் வே" என்றார். அப்போதும் நான் விடவில்லை. தொலைபேசிக் கடைக்குப் போய் நானே உனக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். இரண்டு மணிக்கு அனுப்பியதற்கு ஐந்து மணி வரை பதில் இல்லை. நீ எடின்பரோவில் வலி நிவாரணம் பற்றிய மாநாட்டில் இருந்தாய் என்று பின்னால் தெரிந்தது. அன்னத்தாயின் புருஷன் என் முன் வந்து, "ஏன்யா, சீமையில இருக்க டாக்டரம்மாவுக்கு இவ வாய் நோவு எப்படித் தெரியும்? இங்கன இருந்து நீங்க அத்தன பேரும் பாக்குதீய, பாத்துட்டுச் சும்மா இருக்கீய" என்று கேட்டான். ஐந்து மணி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு பழைய அளவோடு போய்விட்டான்.

அடுத்த புதன் வருவாள் என்று நாங்களும் இருந்துவிட்டோம்; அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உன் தாயார் சாலோமியிடம் கேட்டுத் துருவி முழுவதையும் அறிந்துகொண்டாள். அன்று மாலை மாத்திரையை நான் நீட்டியபோது வாங்கவில்லை. "நம்ம மக பேரைச் சொல்லி ஒருத்திய நோவுல உக்கார வச்சிருக்கு. அவளுக்குக் கிடைக்காதது எனக்கு எறங்காது" என்றாள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று கிருபைராஜ் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை உன்னைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். நீ சொன்னதை அன்றே குறித்து வைத்திருக்கிறேன். அங்கே ஆளாளுக்கு அளவை ஏற்றி ஒருத்தியின் மூச்சு நின்றால் யார் பொறுப்பு, விதி அப்படியே இருக்கட்டும், அந்த அம்மாள் அடுத்த புதன் வரட்டும், அம்மாவின் பிடிவாதத்தை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும் என்றாய். மூச்சு பற்றிய உன் பயம் நியாயமற்றதல்ல. ஆனால் இருபது ஆண்டு மயக்க மருந்து கொடுத்தவருக்கு அந்தப் பயம் இல்லை என்று நினைத்தாயே, அது நியாயமில்லை. பல பேரை ஒரு மேசையில் சேர்த்துவிட்டு, முடிவை மட்டும் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் எடுத்துக்கொண்டு போனால் அந்த மேசை எதற்கு? உன் தாயாரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "ஏட்டி, நீ படிச்சது இதுக்குத்தானான்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை காலை குழு கூடியது. உயர்த்தும் அளவை நோயாளியை நேரில் பார்த்த மூவரும் அங்கேயே முடிவு செய்வது, மறுநாள் சாலோமி வீட்டுக்குப் போய் மூச்சையும் மயக்கத்தையும் பார்ப்பது என்று ஏழாவது விதி மாற்றப்பட்டது. விதியைத் திருத்த உன் ஒப்பமும் வேண்டும் என்று பதினோராவது விதி சொல்கிறது. அதையும் எழுதியவன் நானே, அதைத் தெரிந்தே மீறினேன், அப்படியே தீர்மானத்திலும் பதியச் சொன்னேன். பிறகு கிருபைராஜ் எழுதிக் கொடுத்த சீட்டோடும் மருந்தோடும் சாலோமி, இப்ராஹிம், நான் மூவரும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினோம். அன்னத்தாய் தாடையைத் துணியால் கட்டிக் கட்டிலில் கிடந்தாள். "சீமைத் தாள் வந்துட்டா ஐயா?" என்று அவள் புருஷன் கேட்டான். இனித் தாள் வேண்டாம் என்றேன். சாலோமி மருந்தைக் கரைத்துப் புகட்டினாள், இப்ராஹிம் கழுத்துக்குத் துணி சுருட்டி அணை கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து நாலு கரண்டி கஞ்சி இறங்கியது. இன்று சாலோமி மறுபடியும் போய்ப் பார்த்து வந்தாள். மூச்சு சீராக இருக்கிறதாம். நேற்று விளக்கேற்றும் வேளையில் நான் வந்து இதைச் சொன்ன பிறகுதான் உன் தாயார் கையை நீட்டினாள். மூன்று நாள் வலி உடம்பைச் சுருட்டிவிட்டது. எழுந்து உட்கார இன்னும் முடியவில்லை.

உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். தீர்மானத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒப்பமிட ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன். நீ ஒப்பமிட்டாலும் இடாவிட்டாலும் அது நடைமுறையில்தான் இருக்கும். ஒப்பமிட்டு அனுப்பினால் அதை உன் தாயாரிடம் காட்டுவேன். அனுப்பாவிட்டால், நீ அனுப்பவில்லை என்பதையும் அவளிடம் மறைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
சி. அருணாசலம்