பலகைக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் பேத்தி ஷார்மேன் வாசலில் நிற்கிறாள். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைத் தகடு. அதுதான் கம்ப்யூட்டராம். நகத்தளவு கார்டில் ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றிச் செருகினாள். முதல் தடவை எழும்பவில்லை. அழித்து மறுபடி ஏற்றினாள். பச்சை விளக்கு மினுங்கியது. இனி வீட்டு விளக்கெல்லாம் அது சொன்னபடிதான்.

பின்னறைச் சுவரில் வெள்ளையாக ஒரு கண்ணை ஒட்டினாள். "இந்த சென்சாருக்கு ஆளு அசையணும்னு இல்ல பாட்டி, மூச்சு விட்டாலே போதும், கண்டுபிடிச்சிரும். நீங்க விழுந்து கிடந்தா எனக்குத் தெரியணும்லா."

அடுப்படியில் அவளுடைய பழைய போனை மாட்டி, எனக்காகத் தமிழில் அடித்து வைத்தாள்: பின்னறை – ஆள் இல்லை.

எனக்குப் படிக்கத் தெரியும். மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் போகவிடாதவள் யார் என்று மறக்கவில்லை.

அக்டோபர் 6

மாலை, அடுப்படியில் மாதா படத்துக்கு முன் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னறை விளக்கு தானாக எரிந்தது. போனில்: ஆள் இருக்கு.

போய்ப் பார்த்தேன். கட்டில். அரிசி டின். வேறு ஒன்றுமில்லை.

அந்தக் கட்டிலில்தான் என் வீட்டுக்காரர் மரியஜோசப் போனார்.

அக்டோபர் 9

தினமும் இதே கதை. ஜெபமாலை தொடங்கினால் வருகிறது, முடித்தால் போகிறது. உயிரோடு இருந்தபோது ஒருநாள் முட்டி போடாத மனுஷன். இப்போது என்ன பக்தி?

ஷார்மேனுக்கும் அங்கே காட்டுகிறதாம். "வீட்டுல யாரு பாட்டி? எனக்கு பயமா இருக்கு. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். இப்படியே காட்டுச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துரணும்."

வரமாட்டேன். நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபோது எங்களுக்கென்று கிடைத்தது இந்த மலிவுவிலை வீடு ஒன்றுதான். செத்தாலும் இங்கேதான்.

அக்டோபர் 13

இன்று காதைத் தீட்டிக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். விளக்கு எரியும் முன்னால் நாற்காலி இழுபடும் சத்தம். என் வீட்டில் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம்.

எல்ஸி!

பின்னறையில் என் வீட்டுக்கும் பக்கத்தில் அவள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். கண் அதைத் தாண்டிப் பார்க்கிறது. என் அக்கா எல்ஸி பலகையோரம் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்கிறாள். எத்தனை வருசமாகவோ?

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகச் சொன்னதும் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவள். அவளுக்குப் பதிலாக என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வாளியைக் கொடுத்தார்கள். அதுகூடப் போகட்டும். அம்மாவின் சவப்பெட்டிக்கு முன்னால், சனமெல்லாம் கேட்க, "படிக்காதவ பேச்ச யாரு கேப்பா"ன்னு சொன்னாளே! அன்றோடு பேச்சு நின்றது. படிக்காதவள்தான் இதைத் தினமும் எழுதுகிறேன்.

சித்தியவான் பக்கம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலும் எங்களுக்கு நடுவே பலகைதான். ஜெபமாலையில் நான் முதல் பாதி சொன்னால் மறுபாதி அவள் அந்தப் பக்கமிருந்து சொல்வாள். பேச்சு நின்ற பிறகு இரண்டு பாதியும் நானே.

அக்டோபர் 14

ஷார்மேனிடம் சொன்னேன். "அப்படியும் இருக்கும். போய்க் கேளுங்க பாட்டி. எல்ஸி பாட்டி ஆமான்னு சொல்லட்டும், நான் விட்டுர்றேன்."

நானா? அவள் வாசலிலா?

அக்டோபர் 15

ஜெபமாலையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். இப்ப கேளு பார்ப்போம்.

அக்டோபர் 16

விடிந்து பார்த்தால் பின்னறை விளக்கு எரிகிறது. கஞ்சி குடித்தேன், துணி காயப்போட்டேன் – அணையவில்லை. நாற்காலிச் சத்தமும் இல்லை. பலகையில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. போனில் மட்டும் ஆள் இருக்கு, ஆள் இருக்கு.

மூச்சு விட்டாலே போதும்னு சொன்னாளே அந்தப் பிள்ளை...

ஓடினேன். எதிர்வீட்டு உடையப்பன் வந்து கதவை உடைத்தான். எல்ஸி தரையில், பலகையில் சாய்ந்தபடி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தாள். முப்பது வருசம் கழித்து என்னிடம் குழறிச் சொன்னது இதுதான்:

"நேத்து... மெதுவா சொன்ன. கேக்கல."

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன்.

அக்டோபர் 17

ஈப்போ ஆஸ்பத்திரி. எல்ஸி கண் திறக்கவில்லை. தனியாக இருந்தவள்; அதனால் உடையப்பன் அவள் வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தான்.

ஷார்மேன் ஓடி வந்தாள். "மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. எல்ஸி பாட்டிதான். நீங்க உங்க வீட்டுலயே இருங்க பாட்டி."

அழுதேன். எதற்கென்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 23

காலையில் வார்டுக்குப் போனேன். அப்படியேதான் கிடக்கிறாள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வந்தேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாலை. பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில். மாதா முன் முட்டி போட்டதும் அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. பின்னறை விளக்கு எரிந்தது.

உடனே ஷார்மேன் கூப்பிட்டாள். "பாட்டி, ஆள் காட்டுதே! எல்ஸி பாட்டியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

"ஆமா. வந்துட்டா."

"அப்ப சரிலா. நானும் பயந்துட்டேன்."

போனை வைத்தேன். அருள் நிறைந்த மரியேயை உரக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். மறுபாதி அவளுடையது.