ஒரு நாள் பிந்திச் சொன்ன செய்தி

மே 16, சனி

தூறல். குளிர் இன்னும் விடவில்லை. செக் சட்டை இரண்டும் அயர்ன் பண்ணியாயிற்று. கிற்றாருக்குப் புதுக் கம்பி. பின்னேரம் 5 மணிக்கு ஒஷாவாவில் கச்சேரி.

நாஷ்வில் இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் எங்களைக் கேட்க வருகிறார். அண்ணாவும் நானும் ஒன்பது வருடமாய் பாரிலும் சந்தையிலும் கன்ட்ரி, வெள்ளைக்காரரின் நாட்டுப்புறப் பாட்டு, பாடுகிறோம். எங்களுக்கென்று ஒருவர் வருவது இதுதான் முதல்.

11.40. போன். வவுனியாவிலிருந்து மாமி, அப்பாவின் தங்கை. அப்பா டவுன்டவுனில், போரை நிறுத்தக் கேட்கும் ஊர்வலத்தில். அண்ணா குளியலறையில்.

"சித்தப்பா செத்துப்போனார் பிள்ளை. ஷெல் குண்டு விழுந்து. அப்பாட்டை மெல்லமாச் சொல்லு."

துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் பாட்டில்லை, கிற்றாரைத் தொடுவதில்லை. அண்ணா இதில் அப்பாவை விட மோசம். சொன்னால் ஒஷாவா இல்லை.

குளியலறைக்குள்ளிருந்து அண்ணா: "ஆரடி போனிலை?"

"டக்ட் கிளீனிங் விளம்பர ஆக்கள்."

மே 17, ஞாயிறு

நல்ல வெயில். எழுதக் கை கூசுகிறது.

நேற்று ஐந்தாவது பாட்டுக்கு முன் அண்ணா மைக்கைப் பிடித்தான். எந்த மேடையிலும் சொல்லாததைச் சொன்னான். நாங்கள் தமிழர். கன்ட்ரி பழகியதே சித்தப்பாவின் கசெற்றுகளில். அவர் இப்போது போருக்குள். அவர் உயிரோடு வெளியில் வரவேண்டும் என்று இந்தப் பாட்டு.

சனம் எழும்பி நின்றது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடினேன். சுருதி கொஞ்சமும் விலகவில்லை. அதை நினைக்கத்தான் கூடுதல் வெட்கம்.

நாஷ்வில்காரருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஜூன் முதல் கிழமை நாஷ்வில்லுக்கு வரட்டாம். சித்தப்பா கதையையும் மறக்காமல் சொல்லட்டாம்.

காலையில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அப்போதுதான் போன் வந்தது போலச் சொன்னேன். அப்பா குசினி நிலத்திலேயே குந்திவிட்டார். அண்ணா கிற்றாரைப் பெட்டியில் வைத்து மூடினான். ஜூனில் வர ஏலாது என்று அவனே நாஷ்வில்காரருக்குப் போன் எடுத்தான்.

எனக்கு முதலில் வந்தது நாஷ்வில் போச்சே என்ற கவலைதான். வெட்கங்கெட்ட பிறவி.

மே 19, செவ்வாய்

போர் முடிந்ததாம், ரேடியோவில். அப்பா எழும்பி அதை நிறுத்தினார்.

வாங்க: கற்பூரம், பால். சித்தப்பா படம் பெரிதாக்க.

ஐயர் போனில்: "செய்தி கேட்ட நாளிலையிருந்து எண்ணுங்கோ. எண்டைக்குக் கேட்டனீங்கள்?"

"ஞாயிறு, ஐயா" என்றார் அப்பா. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மாமி மறுபடி எடுத்தார். இந்தமுறை அண்ணா கதைத்தான். கதைத்து முடித்து என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சனி மத்தியானமே உன்னட்டைச் சொன்னவவாம்."

நான் டயரியை மூடினேன்.

"அவர் உயிரோடை வரவேணும் எண்டு நான் பாடேக்கை, உனக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.