மாமா என்று கூப்பிட்டவன்

9.3.1992, திங்கள்
குழாயில் தண்ணீர் வரவில்லை. அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் போய் நாலு குடம். அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை.

15.3.1992, ஞாயிறு
நசரத்பேட்டையிலிருந்து கங்காதரன் என்று ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பட்டாளத்தில் இருந்தவராம். அம்பத்தூரில் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உடுப்போடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, அடையாளம் தெரிந்து, வீட்டை விசாரித்து வந்தாராம். இவர் குளித்துக்கொண்டிருந்தார். வந்தவர் என்னிடமே சொன்னார்.

"எழுபத்தொண்ணு சண்டை வந்ததும் லீவு எல்லாம் கேன்சல்மா. ஊருக்குப் போறவன ரயில்லேர்ந்து எறக்கித் திருப்பி அனுப்பறதுதான் உன் வூட்டு அண்ணாத்தே டூட்டி. மிலிட்டரி போலீஸ், சிவப்புத் தொப்பி! பொண்டாட்டி மாசமா கீறான்னு அழுதேன். 'கக்கூஸ்ல பூந்துக்கோ'ன்னு உட்டுட்டாரு. என் பக்கத்துல மேனாம்பேட்டுப் பையன் ஒருத்தன், வேம்புலின்னு பேரு. 'மாமா, மாமா'ன்னு கெஞ்சினான் பாவம். அவன எறக்கிட்டாரு."

வேம்புலி என் தம்பி. இருபது வயசு. சண்டையில் செத்தான் என்று தந்தி வந்தது, உடம்பு வரவில்லை.

காபி கொடுத்தேனா இல்லையா, ஞாபகமில்லை.

16.3.1992
கேட்டேன். ஆமாம் என்றார். இருபது வருஷம் வாயைத் திறக்காதவர், இன்றைக்கு ஒரே ஒரு ஆமாம்.

"எவனையோ உட்டீங்களே. என் தம்பிய ஏன் உடல நீங்க?"

"அவன் எவனோ. இவன் என் மச்சினன். சொந்தக்காரன உட்டுட்டான்னு பேசுவானுங்க."

யார் பேசியிருப்பார்கள்? அந்த வடக்கத்தி ஸ்டேஷனில் அவன் இவருக்கு மச்சினன் என்று யாருக்குத் தெரியும்?

17.3.1992
வருஷாவருஷம் தம்பி படையலுக்கு வாழையிலை வாங்கிவந்ததும் இவர்தான். எப்படி முடிந்தது?

சோறு போடுகிறேன். பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

29.3.1992
அம்மாவிடம் சொல்வதா? சொன்னால் இந்த வீட்டுச் சோறு அவளுக்கு இறங்குமா? அவளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன் — யார் இருக்கிறார்கள் எனக்கு?

5.4.1992, ஞாயிறு
தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். செருப்பை எடுப்பாள் என்று இருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"நைனா, எம்புள்ளய கடைசியா நீதான் பாத்தியா? எளச்சிருந்தானா?"

"இல்ல அத்தே. நல்லாத்தான் இருந்தான்."

"இன்னா போட்டுகினு இருந்தான்? குளிரு ஊராச்சே."

அடிப்பாவி. இதுவா கேட்கிற கேள்வி!

11.4.1992
தினமும் இதே. அவர் டூட்டி முடிந்து வந்ததும் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்ததாம். டீ வாங்கிக் கொடுத்தாராம், தொடவில்லையாம். பிடித்து இறக்கிவிட்டு டீ வேறு! கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், புதுசு மாதிரி. பெற்ற வயிறு எரியவேண்டாமா? என் வயிறுதான் எரிகிறது.

20.4.1992
"ஒனக்கு ஆத்திரந்தான் பெருசு. எனக்கு எம்புள்ள" என்கிறாள் அம்மா.

26.4.1992, ஞாயிறு
சாயங்காலம் அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். ரயில் போய்விட்டது, தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாட்பாரத்துக்கு நடக்கிறான் — அந்த இடத்தில்.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"அப்பறம்? சொல்லு" என்றேன்.

நாற்பது நாளைக்கு அப்புறம் இதுதான் முதல் பேச்சு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவரிடம் 'சொல்லுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சொன்னார். நான் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.