செல்லி இன்னும் சீட்டைத் தேடுகிறாள்

என் அருமை மாப்பிள்ளை ராமையாவுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகப்போகிறது. என் தங்கச்சி கமலா இன்னும் செல்லிக் கிளிக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். "உன்னக் கட்டி அவன் கத்துக்குடுத்த ஒரே நல்ல பழக்கம்" என்று அவளிடம் உன்னைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். கிளியைக் கூண்டில் வைப்பது இப்போது குற்றமாம். திங்கட்கிழமை செல்லியை எடுத்துப்போகிறார்கள். "தஞ்சாவூர்ல வச்சிப் பாத்துக்கறோம்மா. பறக்கப் பழகினதும் விட்டுருவோம்" என்றார் ஒருவர். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். அவர்கள் போனதும் கமலா என்னிடம் கேட்டாள்: "இருவது வருஷம் கூண்டுலயே இருந்துருச்சு. அதுக்கு வெளிய யாருண்ணே இருக்கா?"

விவசாயச் சங்கம், ஊர்வலம், கோர்ட்டு என்று ஓடிய நாளில்கூட இப்படிக் களைத்ததில்லை மாப்பிள்ளை.

திருவாரூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்து வேப்பமரம் நினைவிருக்கிறதா? நீ அங்கே செல்லியின் கூண்டோடு கிளி ஜோசியச் சீட்டைப் பரப்பி உட்கார்ந்திருப்பாய். குத்தகை நிலம் கையில் நிற்குமா, கேஸ் ஜெயிக்குமா என்று எங்கள் சங்கத்து ஆட்களே உன் முன்னால் குந்தியிருப்பார்கள். பகுத்தறிவு பேசித் திரிந்த எனக்கு அது பெரிய மானக்கேடு.

ஒரு மத்தியானம் நீ டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கூண்டைத் திறந்தேன். "போ, எங்கயாவது போய்ப் பொழச்சிக்க" என்றேன். செல்லி வெளியே வந்தாள். தத்தித் தத்தி நடந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவி என் காலடியில் போட்டாள். வழக்கமாகக் கிடைக்கும் நெல்மணிக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பிடித்து மேலே வீசினேன். நேரே ரோட்டில் போய் விழுந்தாள். நாய் ஒன்று பாய்ந்துவிட்டது. எங்கிருந்துதான் ஓடிவந்தாயோ, அவளை வாரி மடியில் கட்டிக்கொண்டாய்.

"கதவத் தொறந்துட்டா ஆச்சா மச்சான்? றெக்கயப் பாத்தியா?"

"வெட்டுனது உன் கத்திரிதானே?" என்றேன்.

"ஆமா. சோத்துக்கு வெட்டுனேன்." அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் கழக ஆட்சியில், மிராசுதார் மண்ணில் இருந்த எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா கொடுத்தார்கள். பட்டாவை வாங்கிய மறுநாள் விடிந்ததும் கூரையைப் பிரித்துப் போட நினைத்தேன். நான் முதலில் போய் நின்றது மிராசுதார் வீட்டுக் கொல்லைவாசலில். மூங்கில் ஊன்ற உத்தரவு கேட்க! என் பேரில் எழுதிய மண்ணுக்காக, கொடி பிடித்துக் கத்திய நான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, கால் தானாகப் போனது.

சேதி உன் காதுக்கு வந்ததும் என் வாசலுக்கே வந்துவிட்டாய். "என்ன மச்சான், சீட்டு எடுத்துக் குடுத்துட்டு வந்தியா?" முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். இப்போது நினைத்தால் தண்ணீர் மட்டும்தான் வருகிறது.

நீ படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கத்திரியை யாரும் தொடவில்லை. றெக்கை முழுசாக வளர்ந்திருக்கிறது, நீ பார்த்தால் அசந்துபோவாய். சீட்டுக்கட்டைப் பரணில் போட்டுவிட்டேன். நேற்றுக் காலை கூண்டைத் திறந்தேன். வழக்கம்போல வந்தாள். சீட்டு இருக்கும் இடத்துக்குப் போய் வெறும் தரையைக் கொத்தினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள். ஒரு தடவை றெக்கையை விரித்தாள். பிறகு அது எதற்கு என்று தெரியாதவள்போல மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசற்படியில் நின்ற கமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீ அவளைப் பிள்ளைபோலத்தான் வளர்த்தாய். றெக்கையை வெட்டியதும் நீதான். இரண்டையும் எப்படி ஒரே கையால் செய்தாய்? கேட்காமலே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அவர்கள் வண்டியிலேயே நானும் தஞ்சாவூர் போகிறேன். அங்கே தங்கிக்கொள்ளக் கமலாவுக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது. என்னை உள்ளே விட்டால் தினமும் அவளைப் பார்ப்பேன், விடாவிட்டால் வாசலிலாவது போய் உட்காருவேன். அவள் பறந்து ஒரு மரத்தில் உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். இந்தத் தடவை கதவை மட்டும் திறந்துவிட்டு வந்துவிட மாட்டேன்.

கமலாவின் அண்ணன்,
உன் மச்சான் கோவிந்தராசு